ஒரு எச்சரிக்கைகூட இல்லை

கெட்டில் கத்தவில்லை.

கத்துவதற்கென்றே பிறந்த கெட்டில் அது. மூக்கு நுனியில் விசில் வைத்தது. தண்ணீர் கொதித்த மாத்திரத்தில் ரயில் எஞ்சினைப் போல அலறி, மேல் வீட்டுத் தையல்காரக்கா வரைக்கும் 'இங்கே டீ தயார்' என்று தண்டோரா போட்டுவிட்டுத்தான் அடங்கும். இப்போது அவன் சமையலறை வாசலில் நின்று பார்க்கிறபோது, ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து வழிந்துகொண்டிருந்தது, மூடி துள்ளிக்கொண்டிருந்தது, மூக்கிலிருந்து வெள்ளையாய்ப் பீறிட்ட ஆவி கூரையில் மோதி மடங்கி அவன் முகத்திலேயே வந்து படிந்தது. வெளியே மழை தகரத்தின்மேல் இறங்குகிற சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜின் முனகல் கேட்டது. அடுப்பின் நீலச் சுடர் சுருசுருவென்று எரிவதுகூடக் கேட்டது. விசில் மட்டும் இல்லை.

விசிலில் அடைப்பு, வேறென்ன என்று சொல்லிக்கொண்டு அடுப்பை அணைத்தான். துணி தேடாமல் பிடியைப் பிடித்துத் தூக்கிக் கெட்டிலை இறக்கி வைத்தான்.

அன்றைக்குச் சாக்குச் சொல்வதில் அவனுக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது. காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தானே.

சங்கதி இதுதான். அந்த வீட்டில் ஒரு சில்வண்டு இருந்தது. பெண் குழந்தை, இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காதது. பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தா அதிரக் கிறீச்சிட்டதில் அம்மாக்காரி வைத்த செல்லப்பெயர். பதிவு செய்த பெயரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டதில்லை. விழித்திருக்கும்போது ஊரைக் கூட்டுகிற சில்வண்டு, தூங்கும்போது சில சமயம் மூச்சு விட மறந்துவிடும்.

டாக்டர் பயமுறுத்தவில்லை. "சில குழந்தைங்களுக்கு இப்படி இருக்கும். வளர வளரச் சரியாயிடும். அதுவரைக்கும் கண்ணு வச்சுக்கங்க. நின்னா லேசாத் தட்டுங்க, ஞாபகம் வந்துடும்."

கண் வைத்துக்கொண்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் முறை போட்டுத் தொட்டிலருகே உட்கார்ந்து உட்கார்ந்து, கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல ஆனார்கள். அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயரை ஒட்டப் போய்க் கடைசி நொடியில் சுதாரித்தாள். அன்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

அவளுடைய அண்ணன், மின்சாதனக் கடைக்காரர், அந்த வாரமே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்து, நின்றால் அலாரம் அடிக்கிற கருவி.

"என் மருமகளுக்கு மாமன் வாங்கினது. பிரிங்க" என்றார்.

அவன் பெட்டியைத் தொடவில்லை. "எதுக்கு மச்சான் இந்த டப்பா? இதுக்குள்ள இருக்கிற மாதிரி சாஃப்ட்வேர் நெட்ல சும்மா கிடைக்குது. பழைய லேப்டாப்பும் ஒரு மைக்கும் போதும். நானே பண்ணிடுவேன்."

"உன்னால ஆகுமா மாப்ள?"

"என் தொழிலே அதானே!"

அது அவன் தொழில் இல்லை. கடைகளுக்கு வெப்சைட் கட்டிக்கொடுப்பதுதான் அவன் தொழில். அதிலும் முக்கால்வாசி, யாரோ கட்டியதைத் தூக்கி, நிறம் மாற்றி, பெயர்ப்பலகை மாட்டுவது. மாமியார் வீட்டில் 'இன்ஜினியர்' என்றார்கள். அவன் ஆமென்றும் சொன்னதில்லை; இல்லையென்றும் சொன்னதில்லை. தலையை மட்டும் அசைத்து வைத்திருந்தான்.

மச்சான் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். முகம் சின்னதாகிவிட்டது. ஆனாலும் போகிறபோது சட்டைப்பையிலிருந்து ஒரு ஜோடி குட்டிக் காலுறையை எடுத்துக் குழந்தைக்கு மாட்டிவிட்டார். மஞ்சள் கம்பளி. ஒவ்வொன்றிலும் மிளகளவு மணி.

"உதைச்சா அடிக்கும். உன் மிஷின் ஓடாட்டி இது ஓடும் மாப்ள" என்று சிரித்தார். சில்வண்டு ஓர் உதை விட்டது. கிணிங். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்குக் காலை லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான்.

ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். முகம் தெரியாத நாலு பேர் ஊருக்குப் பொதுவாக எழுதி, 'எடுத்துக்கோ, நீயே கட்டிக்கோ' என்று இணையத்தில் வைத்துவிட்டுப் போன மென்பொருள். கட்டிக்கொள்வது என்றால், மனிதர் படிக்கிற மாதிரி எழுதிய நிரலைக் கம்பைலரிடம் கொடுத்து இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது. இந்தக் கம்பைலர் ஒரு கறார்ப் பேர்வழி. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் சிவப்பெழுத்தில் 'பிழை' என்று நிறுத்திவிடும். பிழையாக இல்லாவிட்டாலும், சந்தேகப்பட்டால் மஞ்சளில் 'எச்சரிக்கை' என்று முணுமுணுக்கும். அவன் லேப்டாப்பில் பிழைக்குப் பிழை 'டொய்ங்' என்று ஒரு மணி வேறு.

நிரலோ பழசு, கம்பைலரோ புதுசு. மாமியாரும் மருமகளும் மாதிரி. முதல் தடவை ஓட்டியபோது மஞ்சள் மழையாகக் கொட்டி, திரை நிரம்பி, மேலே ஓடி மறைந்தது. இடையிடையே சிவப்பு. டொய்ங். டொய்ங். தொட்டிலில் சில்வண்டு திடுக்கிட்டு வீறிட்டது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, இவ்வளவு திட்டுது?"

"சும்மா. அது அப்படித்தான் பேசும்."

அவனுக்கு அதில் ஒரு வரியும் புரியவில்லை. காது மடல் சுட்டது. ஒவ்வொரு பிழையையும் வெட்டி எடுத்து இணையத்தில் தேடினான். எவனோ சொன்ன வைத்தியத்தை இங்கே ஒட்டினால் அங்கே நாலு புதுப் பிழை முளைத்தது. மத்தியானம் கடந்தபோது, 'ஆந்தை' என்ற புனைபெயரில் யாரோ ஓர் இணைய மன்றத்தில் போட்டிருந்த பதில் கண்ணில் பட்டது. ஒரு சிறு கோடும் ஒற்றை எழுத்தும். கட்டளையின் வாலில் அதைச் சேர்த்தால் போதும், எந்த எச்சரிக்கையும் வராது. 'கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும், நீ நிம்மதியாக இரு' என்று எழுதியிருந்தது ஆந்தை.

சேர்த்தான். மஞ்சள் மொத்தமும் நின்றது. திரை கழுவிவிட்டது போல இருந்தது. அறையில்கூட ஏதோ ஒன்று ஓய்ந்த மாதிரி, வெகுநேரமாய் ஓடிய மோட்டாரை நிறுத்தியதும் காதில் ஒரு பள்ளம் விழுமே, அப்படி ஒரு பள்ளம் விழுந்தது. அவன் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாக்கி ஒரே ஒரு சிவப்பு.

அது வந்த இடம்தான் இடம். மூச்சு நின்றுவிட்டதா என்று பார்த்துப் பதில் சொல்கிற பகுதி. அதிலிருந்த எதுவோ இந்தக் கம்பைலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவனும் குட்டிக்கரணம் அடித்துப் பார்த்தான். அடுத்த அறையில் அவள் மாலை முறை வேலைக்குப் புறப்படத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு மேசைமேல் வைக்கப்படும் சத்தம். பீரோ மூடும் சத்தம். செருப்பு.

"ஆச்சாங்க?"

அவன் அந்தப் பகுதி முழுவதையும் அடைப்புக் குறிக்குள் தள்ளிச் செயலிழக்க வைத்தான். அதற்கடியில் ஒரே வரி எழுதினான். மூச்சு நின்றுவிட்டதா? இல்லை. யார் எப்போது கேட்டாலும், எதையும் பார்க்காமல், அந்த ஒரே பதில். பக்கத்தில் தனக்காக ஒரு குறிப்பு: 'பிறகு சரிசெய்ய வேண்டும்.' நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதுகிற குறிப்புதான். பிறகு என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத கிழமை.

ஓட்டினான். கட்டிமுடித்தது. பிழைகள் பூஜ்யம். எச்சரிக்கைகள் பூஜ்யம்.

"ஆச்சு" என்றான்.

அவள் ஓடி வந்தாள். தொட்டிலோரம் மைக்கை மாட்டினான். திரையில் ஒரு பச்சைக் கோடு எழுந்து தாழ்ந்து அலையாக ஓடியது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எர்ரர் எல்லாம்?"

"ஒண்ணுகூட இல்ல. ஒரு வார்னிங்கூட இல்ல."

பொய் இல்லை. அதுதான் அவன் நெஞ்சைக் கரகரவென்று அறுத்தது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"ஒரு தடவை மைக்கைக் கழட்டிக் காட்டுங்களேன். அலாரம் எப்படி அடிக்குதுன்னு பாக்கலாம்."

"வேண்டாம்டி. இப்பத்தான் தூங்கியிருக்கா. எழுந்துடுவா."

"அதுவும் சரிதான்." அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அவன் எது சொன்னாலும் ஒத்துக்கொள்ளுகிற நிலையில் இருந்தாள். போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, "அண்ணா, ஓடுது! அவரே பண்ணிட்டார்!" என்றாள்.

மச்சானின் குரல், கிண்டலைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது. "மாப்ள, அன்னிக்கு நான் ஏதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே. பெரிய வேலை பண்ணியிருக்கே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்" என்றான் அவன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவள் போகும்போது வாசலில் திரும்பி, ரொம்ப நாளைக்குப் பிறகு, முழுசாகச் சிரித்தாள். கதவு மூடியது. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க உள்சங்கிலியை மாட்டிவிட்டு, அந்தக் கதவிலேயே நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான் அவன்.

சரி. இன்றைக்கு நான்தானே வீட்டில். கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். அவள் வருவதற்குள் நிஜமாகவே சரிசெய்துவிடுகிறேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது.

அப்படித்தான் கெட்டிலை அடுப்பில் ஏற்றினான்.

இப்போது டீ டம்ளரோடு சமையலறை மேசைக்கு வந்து லேப்டாப்பின்முன் உட்கார்ந்தான். திறந்த கதவு வழியாகத் தொட்டில் தெரிந்தது. குழந்தையின் போர்வை எழுந்து தாழ்ந்தது. திரையின் மூலையில் பச்சைக் கோடும் எழுந்து தாழ்ந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. போர்வை ஏறும்போது கோடு இறங்கியது. கோடு தன் பாட்டுக்கு, யார் மூச்சையோ வரைந்துகொண்டிருந்தது.

சாயங்கால வெளிச்சம் மழையோடு கரைந்துகொண்டிருந்தது. ஈர மண்ணும் சாக்கடையும் கலந்த வாடை ஜன்னலிடுக்கில் வந்தது. பளிச்சென்று ஒரு மின்னல், எதிர்வீட்டுச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் தெரிகிற அளவுக்கு. அவன் அனிச்சையாகத் தோளைக் குறுக்கிக்கொண்டு இடிக்குக் காத்திருந்தான்.

வரவில்லை.

இன்னொரு மின்னல், இன்னும் பக்கத்தில். அதற்கும் இல்லை. மழை மட்டும் தகரத்தில் தன் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து ஜன்னலைத் துடைத்துத் தெருவைப் பார்த்தான். குப்பை வண்டி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பின்விளக்கு சிவப்பாக அணைந்து அணைந்து எரிந்தது. வழக்கமாகத் தெருவையே குடைகிற அந்த 'பீம் பீம்' இல்லை. டயர் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. எதிர்வீட்டு நாய் கேட்டுக்கருகே வண்டியைப் பார்த்துக் கழுத்தை நீட்டி, பல் தெரிய, உடம்பெல்லாம் குலுங்கக் குரைத்தது.

குரைக்கிற வடிவம் மட்டும். குரைப்பு இல்லை.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கேட்டது. ஆகக் காது நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கமில்லாத மண்டை ஏதாவது செய்யும். டீயை எடுத்தான். டம்ளரின் வெளிப்புறத்தில் ஏதோ பிசுபிசுத்தது. என்னவென்று திருப்பிப் பார்த்தான்.

தோல்.

உள்ளங்கையின் குறுக்கே, கெட்டிலின் பிடி அகலத்துக்கு, ஒரு வெள்ளைப் பட்டை. ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் நீர் கோத்து, ஒரு பக்கம் உரிந்து டம்ளரில் ஒட்டியிருந்தது. அவன் மற்றக் கை விரலால் அதைத் தொட்டான். அழுத்தினான். பச்சைச் சதையில் நகம் பதிந்தது.

வலிக்கவில்லை.

துளிகூட.

நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்த்தான். உப்பு ருசி வந்தது. வலி வரவில்லை.

விசில். இடி. வண்டியின் பீம் பீம். நாய். வலி. ஒவ்வொன்றாக மனதில் அடுக்கினான். எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை. எல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்பவை. 'ஜாக்கிரதை.'

அந்தச் சிறு கோடும் ஒற்றை எழுத்தும் கண்முன் வந்தன.

பைத்தியக்காரத்தனம் என்று வாய்விட்டுச் சொன்னான். சொல்லிக்கொண்டே கை தன்பாட்டுக்குக் கட்டளையைத் தேடிப் பிடித்து, வாலிலிருந்த அந்தக் கோட்டையும் எழுத்தையும் அழித்தது. கசிகிற உள்ளங்கையால் விசைகளில் ஈரம் படிந்தது. மறுபடி கட்டு. காலையில் கொட்டிய அந்த மஞ்சள் மழையை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். திட்டட்டும். வண்டி வண்டியாகத் திட்டட்டும்.

கட்டிமுடித்தது. பிழைகள் பூஜ்யம். எச்சரிக்கைகள் பூஜ்யம்.

அப்படி வரக் கூடாது. அதைத்தான் அழித்தாயிற்றே.

நிரலைத் திறந்து ஓர் அரைப்புள்ளியை எடுத்தான். கட்டு. பூஜ்யம், பூஜ்யம்.

ஓர் அடைப்புக் குறியை எடுத்தான். கட்டு. பூஜ்யம், பூஜ்யம்.

நிரலின் நட்டநடுவில், நிரலே இல்லாத ஒரு வரியைத் தட்டினான். நான் இன்ஜினியர் இல்லை. கட்டு.

ஏற்றுக்கொண்டது.

எனக்கு எதுவும் தெரியாது. எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன். கட்டு.

பூஜ்யம். பூஜ்யம்.

எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிற பேர்வழியாக மாறியிருந்தது கம்பைலர். வாசலில் நின்று முழுசாகச் சிரித்தாளே, அவளைப் போல. மூச்சைப் பார்க்கும் பகுதியை முழுவதுமாக அழித்தான். அந்த ஒரே வரி உட்பட. வெற்றுப் பக்கம். கட்டினான். கட்டிமுடித்தது. திரையின் மூலையில் பச்சைக் கோடு ஓடியது. எழுந்து, தாழ்ந்து. அழகாக.

அப்போதுதான் போன் கண்ணில் பட்டது. லேப்டாப் பக்கத்தில் முகம் மேலே பார்க்கக் கிடந்தது. ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் அழைத்துக்கொண்டிருந்தாள். மணியும் இல்லை, அதிர்வும் இல்லை. அவன் எட்டி எடுப்பதற்குள் நின்றுபோனது. அதன்கீழே தவறிய அழைப்புகள், ஒன்றின்மேல் ஒன்று. அதன்கீழே அவளுடைய செய்திகள்.

'ஏன் எடுக்கல?'

'மேல் வீட்டக்கா போன் பண்ணாங்க. பாப்பா வீல் வீல்னு கத்துறாளாம். கதவைத் தட்டித் தட்டிப் பாத்தாங்களாம். நீங்க திறக்கலையாம்.'

'எங்க இருக்கீங்க?'

'நான் கிளம்பிட்டேன்.'

படித்தான். படித்ததும் அவன் மனதில் முதலில் எழுந்தது குழந்தை இல்லை. மிஷின் ஏன் அடிக்கவில்லை என்று கேட்பாளே, அதற்கு என்ன பதில் சொல்வது. அதுதான் முதலில் எழுந்தது. ஒரு நொடி, முழுசாக ஒரு நொடி, அங்கேயே உட்கார்ந்து அவன் அதற்குப் பதில் தேடினான்.

பிறகுதான் ஓடினான்.

தொட்டில்.

போர்வை உதறப்பட்டுக் கிடந்தது. சில்வண்டின் முகம் கறுத்துச் சிவந்திருந்தது. வாய் காது வரைக்கும் திறந்து, உள்நாக்கு துடித்தது. கன்னமெல்லாம் கண்ணீர், மூக்கெல்லாம் சளி. கால்கள் காற்றை உதைத்தன. மஞ்சள் காலுறைகளில் மிளகளவு மணிகள் துள்ளித் துள்ளி விழுந்தன.

சத்தமில்லை.

எவ்வளவு நேரமாக அழுகிறாளோ. மேல் வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. பெற்றவனுக்குக் கேட்கவில்லை.

"அம்மாடி... ஒண்ணுமில்லடா... அப்பா வந்துட்டேன்டா..."

தன் குரல் கேட்டது. தெளிவாக, அசிங்கமாக. அள்ளி எடுத்தான். தோளில் போட்டுக்கொண்டான். அவள் முகம் அவன் முதுகுப் பக்கம் போய்விட்டது. இனி முகம் தெரியாது. காது உதவாது. பச்சைக் கோட்டை நம்ப முடியாது. அது பொய் என்று உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பரவாயில்லை. நெஞ்சு இருக்கிறது. நெஞ்சோடு நெஞ்சு வைத்தால் மூச்சு தெரியுமே. கருவி எதற்கு, சாஃப்ட்வேர் எதற்கு. முதலிலேயே இதைத்தானே செய்திருக்க வேண்டும்.

அணைத்துக்கொண்டான்.

தெரியவில்லை.

கொஞ்சம் இறுக்கினான். துணி இருக்கிறதே, அதனால்தான். இன்னும் கொஞ்சம். அவள் உடம்பின் சூடு தெரிந்தது. பாரம் தெரிந்தது. மூச்சு தெரியவில்லை. இன்னும் கொஞ்சம்.

"அப்பாவை மன்னிச்சுக்கடா. இனிமே பொய் சொல்ல மாட்டேன். அந்த மாமன் பெட்டியையே வாங்கிக்கலாம். கையக் காலப் பிடிச்சாவது வாங்கிக்கலாம்."

நடந்தான். தட்டிக்கொடுத்தான். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. ஜன்னல் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்தான். தோளில் ஒரு சின்னத் தலை. இடுப்பருகே இரண்டு மஞ்சள் கால்கள். உதைத்தன. விறைத்து விறைத்து உதைத்தன. கோபக்காரி. அம்மா மாதிரி.

தன் கையைப் பார்த்தான். குழந்தையின் முதுகில், விரல் மூட்டெல்லாம் வெளுத்து, நரம்பு புடைத்திருந்தது. அவ்வளவு அழுத்தமாகவா பிடித்திருக்கிறோம்? கைக்குத் தெரியவில்லை. லேசாகத்தான் பிடித்திருப்பதுபோல் இருந்தது. பஞ்சைப் பிடித்ததுபோல.

இன்னும் கொஞ்சம்.

கால்கள் மெல்ல உதைத்தன.

பிறகு இன்னும் மெல்ல.

"அப்படித்தான். என் தங்கம்."

பிறகு உதைக்கவில்லை.

தூங்கிவிட்டாள். சமாதானமாகிவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. அப்படியே நின்றான், அசைந்தால் எழுந்துவிடுவாள் என்று.

முன்கதவு ஒரு சாண் திறந்து, சங்கிலியில் இடித்து நின்றது. மறுபடி இடித்தது. மறுபடி. ஓசையே இல்லாமல். அப்புறம் அவன் முதுகுப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம் வந்து கண்ணாடியில் அப்பியது; கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். மழையில் நனைந்த தலை. அவள்.

அவனுக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. உடனே சிரித்தான். எல்லாம் சரி என்பதுபோல் தலையசைத்தான். ஒரு விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடாதே, தூங்குகிறாள் என்று காட்டினான்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். அவன் பார்க்க முடியாத முகத்தை.

அவள் வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. கழுத்து நரம்புகள் கயிறுகளாயின. இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள். அறைந்தாள். கண்ணாடி விரிசல் விட்டு, சிலந்தி வலைபோல் பரவியது.

ஓசையில்லை. மழைச் சத்தம் மட்டும். சமையலறையில் ஃபிரிட்ஜின் முனகல் மட்டும்.

மேசைமேல் பச்சைக் கோடு எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

அவன் கை தளரவில்லை. தளர வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இடுப்பருகே தொங்கிய சின்னக் காலிலிருந்து மஞ்சள் காலுறை நழுவியது. குதிகாலில் ஒரு கணம் தயங்கியது. விழுந்தது.

கிணிங்.

அது அவனுக்குக் கேட்டது.